அபிமானமும் அவமானமும்

கோவில்பட்டிச் சீமைக்குத் தீப்பெட்டியின் சூட்சுமத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வானம் பொய்த்து, கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் கைவிட்ட வருஷங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிய வைத்தது அந்தத் தொழில்தான். குச்சியின் தலையிலே இருப்பது பொட்டாசியம் குளோரேட்; பெட்டியின் பக்கத்திலே பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதனால்தான் நாம் நெருப்பைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு நிம்மதியாக ஊர் சுற்றுகிறோம். இரண்டும் உரசினால் அல்லவா தீ!

இப்போது வீட்டுக்கு வீடு வேறொரு பெட்டி புகுந்திருக்கிறது. அதன் பெயர் கைப்பேசி. அதிலே ரஸிகனின் ஆத்திரம் ஒரு மருந்து. கூட்டத்தின் கரகோஷம் மற்றொரு மருந்து. இவ்விரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற கவலை அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு இல்லை. இரண்டும் எவ்வளவுக்கெவ்வளவு உரசுகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு அவர்களுக்கு விளம்பர வருமானம்!

ஒரு நடிகரையோ ஆட்டக்காரரையோ கொண்டாடுவது குற்றமா? ஒருகாலும் இல்லை. அபிமானம் இல்லாத வாழ்க்கை உப்பில்லாத பண்டம். நாடகக் கொட்டகைக் காலத்திலும் டூரிங் டாக்கீஸ் காலத்திலும் ரஸிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கத்தான் செய்தார்கள். எம்.ஜி.ஆர். கட்சிக்காரரும் சிவாஜி கட்சிக்காரரும் தேநீர்க் கடை பெஞ்சில் தொண்டை கிழிய வாதாடினார்கள். சில சமயம் கைகலப்பும் நடந்தது. ஆனால் அங்கே எதிராளிக்கு ஒரு முகம் இருந்தது. "இன்னாருடைய மகன் இப்படிப் பேசினான்" என்று வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்ற பயமும் இருந்தது. மன்றத்தார் ஒட்டிய சுவரொட்டிகளை நேயர்கள் நினைவுகூரலாம். தலைவர் படம் மேலே பெரிதாக இருக்கும். கீழே ஒட்டியவர்களின் பெயர்கள், தெருப் பெயருடன் வரிசையாக இருக்கும். சொன்னதற்குச் சொன்னவர் பொறுப்பு என்பதே அதன் பொருள்.

இன்றைய ரஸிகனுக்கு முகமில்லை. பெயரும் கடன் வாங்கிய பெயர். எதிராளிக்கும் அப்படியே. இதன் பலன் என்னவென்று பார்ப்போம்.

2017-ஆம் வருஷம் ஆகஸ்டில் தன்யா ராஜேந்திரன் என்னும் பத்திரிகையாசிரியை, நடிகர் விஜய்யின் பழைய படம் ஒன்றைப் பற்றி ட்விட்டரில் பரிகாசமாக ஒரு வார்த்தை எழுதினார். படம் நன்றாயில்லை என்று சொல்வது டிக்கட் வாங்கியவரின் பிறப்புரிமை. ஆனால் அதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான பதிவுகள் அவர் மேல் வந்து விழுந்தன. அவற்றில் பலவற்றை அச்சில் ஏற்ற முடியாது. விஷயம் சென்னைக் காவல் துறைக்குப் போயிற்று. கடைசியில் அந்த நடிகரே, எந்தப் படத்தையும் விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டென்றும், பெண்களை இழிவாகப் பேசலாகாதென்றும் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

2020-ஆம் வருஷம் அக்டோபரில் இதைவிடக் கேவலமான இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. சென்னை அணி ஒரு கிரிக்கெட் பந்தயத்தில் தோற்றுப் போயிற்று. அதற்காகத் தோனியின் ஐந்து வயதுப் பெண் குழந்தையைப் பற்றி வாயினால் சொல்லக் கூசும் மிரட்டல் ஒன்று இன்ஸ்டாகிராமில் வெளியாயிற்று. காவல் துறையினர் தேடிக் கொண்டு போனால், குஜராத்தில் முந்த்ரா என்னுமிடத்தில் அகப்பட்டவன் பதினாறு வயதுப் பள்ளிப் பையன்! அதே மாதத்தில், முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதற்காக விஜய் சேதுபதியின் மீது கோபம் கொண்ட ஒருவர், அவருடைய மகளைக் குறித்து அதே விதமான மிரட்டலை எழுதினார். பந்தயத்தில் தோற்றது குழந்தையா? படத்தில் நடிக்க ஒப்பந்தம் செய்தது குழந்தையா? கோபம் யார் மேலோ. வசவு வீட்டுப் பெண்களின் மேல். இந்த வழக்கம் கைப்பேசியோடு வந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தெருச் சண்டையிலும் முதலில் இழுபடுவது எதிராளியின் தாயார்தான். கைப்பேசி அந்தப் பழைய நோயைத் தெருவிலிருந்து தேசத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது.

"எழுத்துத்தானே, எழுதிவிட்டுப் போகட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அரியலூரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் அந்த மாவட்டத்திலுள்ள ஒரு கிராமத்தில், மது அருந்திக் கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் விராட் கோலி உசத்தியா, ரோஹித் சர்மா உசத்தியா என்று வாதாடியதாகவும், முடிவில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டதாகவும் காவல் துறை கூறியது. ஒரு வீட்டில் பிணம். மற்றொரு வீட்டில் கைதி. இணையத்து ரஸிகப் பெருமக்கள் அப்போது என்ன செய்தார்கள்? கோலியைக் கைது செய்யுங்கள் என்று ஒரு கோஷத்தைக் கிளப்பி, அதையும் ஒரு வேடிக்கையாக்கி மகிழ்ந்தார்கள்!

2024 ஜூனில் பெங்களூரில் நடந்தது இன்னும் பயங்கரம். கன்னட நடிகர் தர்ஷனின் அபிமானியான சித்திரதுர்க்கத்து இளைஞர் ஒருவர், அந்த நடிகருக்கு வேண்டிய ஒரு பெண்மணிக்கு ஆபாசச் செய்திகள் அனுப்பினாராம். அவருடைய உடல் ஒரு கால்வாயோரத்தில் கிடந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவர்களில் அந்த நடிகரும் ஒருவர். ரஸிகர் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. குற்றவாளி யார் என்று தீர்மானிக்க வேண்டியது நியாயஸ்தலம். ஆபாசச் செய்தி அனுப்பியது தவறு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதற்குரிய இடம் காவல் நிலையம். அதற்குரிய தண்டனை மரணமல்ல என்பதிலும் சந்தேகமில்லை. அவர் இறந்தபோது அவருடைய மனைவி கர்ப்பவதி.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1944-ஆம் வருஷம் சென்னையில் லக்ஷ்மிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்தி வயிறு வளர்த்து வந்தார். அவ்வருஷம் நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் உயிர் துறந்தார். தமிழகமே தலையில் வைத்துக் கூத்தாடிய தியாகராஜ பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். 1947-இல் பிரிவி கௌன்ஸில் தலையிட்ட பிறகே விடுதலையானார்கள். எழுதியவருக்கு உயிர் போயிற்று. பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை. ஆனால் அக்காலத்தில் அவதூறு எழுத ஓர் அச்சுக்கூடமும், காகிதமும், சர்க்கார் லைசென்ஸும் வேண்டியிருந்தன. லக்ஷ்மிகாந்தனின் லைசென்ஸையே சர்க்கார் ஒருமுறை பறித்தது. இன்று ஒவ்வொரு பையனின் சட்டைப் பையிலும் ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது. லைசென்ஸ் கேட்பார் இல்லை.

அப்படியானால் எல்லோர் வாயையும் சட்டத்தால் கட்டிவிடலாமா? அதுவும் ஆபத்து. தகவல் தொழில் நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. மனத்தைப் புண்படுத்தும் எதையும் அது குற்றமாக்கியது. 2012 நவம்பரில் பம்பாய்க்கு அருகே பால்கரில், பால் தாக்கரே காலமானபோது நகரம் ஸ்தம்பித்ததைக் குறித்து முகநூலில் எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த அவள் தோழியும் கைதானார்கள். இப்படிப்பட்ட அக்கிரமங்களுக்குப் பின்னரே 2015 மார்ச்சு 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாதென்று தள்ளியது. நல்ல தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். கடுமையான விமர்சனம் வேறு, வசை வேறு. படத்தைக் கிழி கிழியென்று கிழிக்கலாம். நடித்தவரின் தாயைப் பற்றிப் பேசக் கூடாது. இந்த எல்லைக்கோடு தெரிந்தால் சட்டப் புத்தகத்தில் பாதி தெரிந்த மாதிரி.

மிச்சப் பாதியையும் சொல்லி வைக்கிறோம். 66-ஏ போய்விட்டதே தவிர, மற்றவை போய்விடவில்லை. பெண்ணின் மானத்துக்குப் பங்கமாகச் சொல்லும் சொல்லுக்கு, பாரதிய நியாய சம்ஹிதை 79-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரையில் சிறை உண்டு. ஆபாசமானதை மின்னணு வழியில் வெளியிட்டால், முதல் தடவையே மூன்று வருஷம் வரையில் சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம். "நான் எழுதவில்லை, பிறர் எழுதியதை அனுப்பினேன்" என்ற சமாதானம் பலிக்காது. நடிகர் எஸ்.வி. சேகர் 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் பகிர்ந்தார், பிறகு அழித்தார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் வழக்கு நின்றது. சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பைப் போன்றது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2024-இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பெரிய மனிதருக்கே இந்தக் கதி என்றால் கரிசல் காட்டுப் பையனின் கதி என்ன? நமது கவலையெல்லாம் அதைப் பற்றித்தான். கோவில்பட்டியிலும், எட்டயபுரத்திலும், விளாத்திகுளத்திலும் நிலத்தை நம்பிப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். உத்தியோகத்தை நம்பியே வளர்க்கிறார்கள். போலீஸ் வேலை, பட்டாளத்து வேலை, வெளிநாட்டு வேலை எதுவானாலும் நடத்தை பற்றி விசாரணை உண்டு, பாஸ்போர்ட்டுக்கும் உண்டு. ஒரு நள்ளிரவில் ஐந்து நிமிஷ ஆவேசத்தில் தட்டிய வரி, ஐந்து வருஷப் படிப்பின் குறுக்கே வந்து நிற்கும். அன்றைக்குக் கைதட்டிய ஆயிரம் பேரில் ஒருவராவது ஜாமீன் கொடுக்க வருவாரா? எந்தத் தலைவருக்காக எழுதினானோ அவருக்கு இவன் பெயர்கூடத் தெரியாது.

இந்தச் சீமைக்கு இன்னொரு அபாயமும் உண்டு. நடிகரில் தொடங்கும் வாக்குவாதம் நாலாவது வரியிலே ஜாதிக்குத் தாவிவிடுகிறது. பட்டியல் இனத்தாரைப் பலர் அறிய ஜாதி சொல்லி இழிவு செய்வது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாதாரணமாக அதற்கு முன்ஜாமீனும் கிடையாது. 2021 ஆகஸ்டில் அப்படிப் பேசிக் காணொளி வெளியிட்டதாக ஒரு நடிகையே கைதானார். சட்டம் கிடக்கட்டும். ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரே பேருந்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கிடையே அந்த ஒரு வார்த்தை விழுந்தால், அதை அழிக்கும் பொத்தானை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அபிமானத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்கும் கோவில்பட்டியிலேயே உதாரணம் இருக்கிறது. ஹாக்கி மட்டையைத் தொடாத பையன் அவ்வூரில் அபூர்வம். 2022 மே மாதத்தில் ஜாகர்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஆடியவர்களில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து பயின்ற கார்த்தியும் உண்டு. பாகிஸ்தானுக்கு எதிராக கார்த்தி ஒரு கோலும் போட்டார். அதே வருஷத்தில், அதே அரியலூர் மாவட்டத்தில்தான் கிரிக்கெட் அபிமானத்தினால் ஓர் உயிர் போயிற்று. மைதானத்தில் இறங்கி ஆடுகிறவனுக்கு எதிராளியின் அருமை தெரியும். எதிராளி இல்லையேல் ஆட்டமே இல்லை என்பதும் தெரியும்.

பெற்றோர்கள் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதனால் பிரயோஜனமில்லை. அடுத்த வீட்டில் ஒன்று இருக்கும். வசை வந்தால் பதில் வசை எழுதாமல், அதை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, மத்திய அரசாங்கத்தின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம் என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். புகார் சொல்லும் பெண்ணைப் பார்த்து, "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆண் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எழுதியிருப்பதைச் சுவரொட்டியாக அடித்து, கீழே உன் பெயரையும் தெருப் பெயரையும் போட்டு, கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் ஒட்டச் சம்மதமா?" சம்மதம் என்றால் தாராளமாக எழுதட்டும், தயங்கினால் அதுவே போதுமான பதில்.