சைக்கிள் திருடனுக்கு என்ன தண்டனை?

சைக்கிள் திருட்டு சின்னத் திருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். கார் வைத்திருப்பவருக்கு அது சின்னத் திருட்டுதான். வேடந்தாங்கல் பக்கத்து ஏழைக் குடும்பத்துக்கு அப்படி அல்ல.

பொழுது விடியும் முன்பே கூலிக்காரர் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு படாளம் கூட்டுரோட்டுக்கு வருகிறார். ஒரு மரத்தடியில் நிறுத்திப் பூட்டுகிறார். பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குக் கொத்து வேலைக்குப் போகிறார். இரவு திரும்பி வருகிறார். மரம் இருக்கிறது. சைக்கிள் இல்லை!

வீட்டுக்கு நடந்தே போக வேண்டும். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அன்றைய கூலி போய்விடும். ஆகவே, அவரிடம் இருந்து களவு போனது இரண்டு சக்கரம் மட்டும் அல்ல.

பள்ளிக்கூடப் பெண்ணின் சைக்கிள் போனால் இன்னும் மோசம். தமிழக அரசு 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06ஆம் ஆண்டில் அது மற்ற மாணவ மாணவிகளுக்கும் வந்தது. தூரத்தில் பள்ளி, பஸ் இல்லை என்று படிப்பை நிறுத்தியிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்குப் போனார்கள். அதை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால், பெற்றோருக்கு வயிறு எரியாதா?

எரியும். அந்த எரிச்சலில், "கையை வெட்ட வேண்டும்", "கம்பத்தில் கட்டி உரிக்க வேண்டும்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார்கள். ஆள் கையில் சிக்கிவிட்டால் பேச்சோடு நிற்பதும் இல்லை.

தர்ம அடி

இதற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. தர்ம அடி! போகிறவன், வருகிறவன், சைக்கிளே ஓட்டத் தெரியாதவன், எல்லோரும் ஆளுக்கு ஓர் அடி போடுகிறார்கள். காசு வாங்காமல் அடிப்பதால் தர்மமோ என்னவோ! அடி வாங்குகிறவன் திருடன்தானா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

திருடனை அடிப்பது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1864ஆம் ஆண்டில் சவுக்கடிச் சட்டம் வந்தது. திருட்டுக்கு நீதிபதியே சவுக்கடி விதிக்கலாம். சுதந்திர இந்தியா 1955ஆம் ஆண்டில் அதை ஒழித்தது. சட்டம் கீழே போட்ட சவுக்கைத் தெரு எடுத்து வைத்துக்கொண்டது.

கடுமையான தண்டனை கொடுத்தால் திருட்டு நின்றுவிடுமா? இங்கிலாந்தில் ஆடு மாடு திருடியவனையும், குதிரை திருடியவனையும் தூக்கில் போட்டார்கள். 1832 வரையில் அங்கே சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் ஆடு திருட்டு நிற்கவில்லை. ஜேப்படிக்காரனுக்குக்கூட 1808 வரையில் தூக்குத்தான். அப்படி இருந்தும், தூக்குத் தண்டனையை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே ஜேப்படி நடந்தது என்பார்கள்!

வேடந்தாங்கல் ஊரார் அந்தக் காலத்தில் வேறு வழியில் போனார்கள். ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. ஆகவே பறவை அவர்களுக்குச் சொத்து. அதை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தின்றார்கள். ஊரார் தடியைத் தூக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டார்கள். 1798ஆம் ஆண்டில், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அதற்குக் கவுல் என்று பெயர். வேடன் பெயரைத் தாங்கிய ஊர், பறவைகள் தங்கும் ஊராக இன்றும் நிற்கிறது.

செங்கல்பட்டில் நடந்தது

அதே செங்கல்பட்டுச் சீமையில்தான் வேறொன்றும் நடந்தது.

தவறு செய்த சிறுவர்களைத் திருத்துவதில் செங்கல்பட்டுக்கு நீண்ட கதை உண்டு. அங்கே 1887ஆம் ஆண்டிலேயே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கு என்று தனிச் சட்டம் செய்ததும் சென்னை மாகாணந்தான். அது 1920இல். சிறுவனைப் பெரிய கைதிகளோடு அடைத்தால் அவன் தேறாத கள்வனாகத்தான் வெளியே வருவான். இதை அன்றே அறிந்திருந்தார்கள்.

ஆனால் 2022 டிசம்பர் கடைசியில், தாம்பரத்தைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் பிடிக்கப்பட்டான். செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். சில நாட்கள்கூட ஆகவில்லை. அவன் பிணமாகத்தான் தாயிடம் வந்தான். அடித்ததால் இறந்தான் என்று, இல்லத்தின் கண்காணிப்பாளர் உள்பட 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். பிறகு, இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்துவது பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை 2023ஆம் ஆண்டில் அரசு நியமித்தது.

அந்தப் பையன் திருடினானா, இல்லையா? அதை நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. திருடியிருந்தாலும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்கு மரண தண்டனை கிடையாது.

தகப்பனும் மகனும்

1948ஆம் ஆண்டில் இத்தாலியில் ஒரு படம் வந்தது. வித்தோரியோ தெ சிக்கா எடுத்தது. பெயர், "சைக்கிள் திருடர்கள்". கதை இதுதான்: ரோமாபுரியில் வேலை இல்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அவன் சைக்கிளோ அடகுக் கடையில்! மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அது திருட்டுப் போகிறது.

தகப்பனும் சின்ன மகனும் ஊரெல்லாம் தேடி அலைகிறார்கள். கிடைக்கவில்லை. முடிவில் மனம் ஒடிந்த தகப்பன், சுவரோரம் நின்ற இன்னொருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கூட்டம் துரத்திப் பிடிக்கிறது. மகன் கண் முன்னாலேயே அறைகிறது. பையன் அழுகிறான். அந்த அழுகையைப் பார்த்த சைக்கிள்காரர், "விட்டுவிடுங்கள்" என்கிறார்.

காலையில் பறிகொடுத்தவனே மாலையில் பறித்தவன் ஆகிறான். கூட்டத்துக்கு இது எப்படித் தெரியும்? நீதிபதிக்கு முன்னால் நிறுத்தினால்தானே தெரியும்?

புதிய சட்டம்

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பழைய பீனல் கோடுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 303ஆவது பிரிவு திருட்டைப் பற்றியது. திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் திருடித் தண்டிக்கப்பட்டால் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை கடுங்காவல்.

ஆனால், திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவைக் குற்றவாளி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால், அவனுக்குத் தண்டனை சமூக சேவை. அதாவது, நீதிமன்றம் சொல்லும் பொது வேலையைக் கூலி இல்லாமல் செய்ய வேண்டும். பழைய சைக்கிள் என்றால் பெரும்பாலும் அந்த 5,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

"இது ஒரு தண்டனையா? திருடன் சிரிப்பான்" என்று சிலர் சொல்கிறார்கள். சிரிக்க மாட்டான். முதலில் சைக்கிளையோ பணத்தையோ வைக்க வேண்டும். பிறகு, தெரிந்தவர் பார்க்கக் குப்பை பொறுக்க வேண்டும். வேடந்தாங்கலில் பறவை பார்க்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் கொஞ்சமா? அதைப் பொறுக்குகிற பையன் ஊரார் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

திருடனை மூன்று மாதம் சிறையில் வைத்தால் அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அவள் அப்போதும் நடந்துதான் போக வேண்டும். சைக்கிள் திரும்பி வருவதைத் தண்டனையோடு சேர்த்து வைத்ததுதான் புதிய சட்டத்தின் நல்ல அம்சம். இதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இந்தச் சலுகை இல்லை. இருக்கவும் கூடாது.

வாங்குகிறவர் யார்?

திருடிய சைக்கிளைத் திருடன் வீட்டில் வைத்துப் பூஜை செய்வது இல்லை. விற்கிறான். பழைய இரும்புக் கடையில் சிலர் வாங்குகிறார்கள். "பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று குடும்பஸ்தர்களும் வாங்குகிறார்கள். ரசீது கேட்பது இல்லை. யாருடையது என்றும் கேட்பது இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் அதற்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 317ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. திருடியவனைக் கட்டிவைத்து அடிக்கிற கூட்டம், வாங்கியவரைத் தேடிப் போனதாகச் செய்தி வருவது இல்லையே, ஏன்?

முன்பெல்லாம் சைக்கிளுக்கு வரி கட்டினால் தகர வில்லை கொடுப்பார்கள். அதை வண்டியில் மாட்டிக்கொள்வார்கள். இப்போது வில்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு சைக்கிளின் பிரேமிலும் ஓர் எண் அடித்திருக்கிறது. பெரும்பாலும் பெடலுக்கு அருகே அடிப்பக்கத்தில், அல்லது சீட்டுக்குக் கீழே இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வண்டியைச் சாய்த்துத் துடைத்து, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். சைக்கிள் காணாமல் போனால், போலீஸ் நிலையத்தில் அந்த எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.