சின்னம் மறைந்தால் செல்வம் மறையுமா?

ஓலையில் எழுதிய காலம் ஒன்றிருந்தது. தாளில் எழுதிய காலம் அதன்பின் வந்தது. இன்றோ திரையில் எழுதும் காலம். ஓலையைச் செல் அரித்தது; தாளை நீரும் நெருப்பும் அழித்தன. திரையில் எழுதியதை அழிப்பது எது என்று கேட்டால், பெரும்பாலும் நம் அச்சமே என்று விடை சொல்லத் தோன்றுகிறது. கணிப்பொறியைத் திறக்கிறோம். நேற்று முகப்பில் இருந்த சின்னம் ஒன்று இன்று இல்லை. அல்லது வெள்ளைத் தாள்போல் வெளிறிக் கிடக்கிறது. உடனே எல்லாம் போயிற்று என்று மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் செய்யும் செயலே உண்மையான இழப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இது பொறியியல் துறையின் செய்தியாயிற்றே, தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வது மொழித்துறையின் பணி. முகப்புச் சின்னம் என்பதும் ஒரு குறியே. ஆகவே, இது நம் துறைக்கு உரிய பொருள் என்பதே என் துணிபு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பாக்கும் தென்னையும் வாழையும் செழிக்கும் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இன்று தோட்டத்துச் சாளைகளிலும் மடிக்கணினியைக் காணலாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வி நிலையங்களின் மாணவர் பலர் வீட்டிற்கு முதல் கணிப்பொறியைக் கொண்டுவந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையும் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கணினி வழங்கும் அறிவிப்பைத் தாங்கி வந்தது. பொறி வீட்டிற்குள் வந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ளும் மொழி வந்ததா என்பதே கேள்வி.

குறியும் பொருளும்

கிரேக்க மொழியில் உருவம், சாயல் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்தது 'ஐகான்'. டேவிட் கான்ஃபீல்டு ஸ்மித் என்பார் 1975-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் இச்சொல்லைக் கணிப்பொறித் திரைக்கு உரியதாக்கினார். 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணிப்பொறி, அலுவலக மேசையையே திரையில் வரைந்து காட்டியது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்குச் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் ஓவியப் பெண்மணி. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95, இம்முறையை உலகெங்கும் இல்லந்தோறும் பரப்பியது.

பெயர்களை இடுகுறி என்றும் காரணக்குறி என்றும் பகுத்துக் காட்டுகிறது நன்னூல். குப்பைத்தொட்டியின் படம் நீக்கியவற்றைச் சேர்க்கும் இடத்தைக் குறிப்பது காரணம் பற்றியது. பொருளோடு தொடர்பற்ற நிறுவன முத்திரை ஒரு மென்பொருளைக் குறிப்பது இடுகுறி போன்றது. இரண்டிலும் குறி வேறு, பொருள் வேறு. பெயர்ப்பலகை விழுந்துவிட்டதால் கடை இடிந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. திரையின்முன் அமர்ந்தவுடன் மட்டும் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகிறோம்.

முகப்பில் இருப்பவை இரு வகை. சின்னத்தின் இடக் கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால், அது குறுக்குவழி. 'ஷார்ட்கட்' என்று எல்லாரும் சொல்வது அதுவே. பொருள் எங்கே இருக்கிறது என்னும் முகவரியைத் தாங்கிய சிறு சீட்டு அது. அதை நீக்கினால் சீட்டுத்தான் போகும். மென்பொருள் இருந்த இடத்தில் இருக்கும். அம்புக்குறி இல்லாத கோப்பும் கோப்புறையும் பெரும்பாலும் பொருளேயாகும். அவற்றை நீக்கினால் அவையே குப்பைத்தொட்டிக்குச் செல்லும். ஷிஃப்ட் விசையோடு சேர்த்து நீக்கினாலோ தொட்டிக்கும் செல்லாமல் அழியும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர் பாதி அச்சத்தைக் கடந்தவராவார்.

மறைவின் காரணங்கள்

சின்னங்கள் யாவும் ஒருசேர மறைந்தால், முகப்பின் வெற்றிடத்தில் வலப்பொத்தானை அழுத்தி, 'வியூ' என்பதன்கீழ் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்னும் வரிக்கு எதிரே குறியீடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக் குழந்தையின் கை பட்டு அது நீங்கியிருக்கலாம். கீழுள்ள பணிப்பட்டையும் சேர்ந்து மறைந்திருந்தால், முகப்பை வரைந்து காட்டும் 'எக்ஸ்ப்ளோரர்' என்னும் நிரல் நின்றுபோயிருக்கக்கூடும். பொறியை நிறுத்தித் திரும்ப இயக்கினால் பெரும்பாலும் மீளும். சின்னங்கள் வெளிறித் தோன்றினால், படங்களைச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கிடங்கு பழுதாகியிருக்கலாம். அக்கிடங்குக் கோப்பை நீக்கிவிட்டால் கணிப்பொறி தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். முகவரி மாறிப்போன குறுக்குவழியாயின், பொருள் இருக்கும் இடத்தைத் தேடிப் புதிய குறுக்குவழி அமைத்தல் போதும்.

சில வேளைகளில் கணிப்பொறியே சின்னத்தை அகற்றிவிடுவதும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி, நெடுநாள் பயன்படுத்தாத சின்னங்களை 60 நாள்களுக்கு ஒருமுறை தனிக் கோப்புறைக்கு ஒதுக்கும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. விண்டோஸ் 7-இன் வாராந்திரப் பராமரிப்பு, உடைந்த குறுக்குவழிகள் நான்கிற்கு மேல் இருந்தால் அவற்றைத் தானே நீக்கியது. அப்போது செருகப்படாதிருந்த பென்டிரைவைச் சுட்டும் குறுக்குவழியையும் உடைந்ததாகவே அது கொண்டது. உரியவர் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டுக் கதவிலிருந்த பெயரை அழித்த கதைதான்!

பென்டிரைவ் வழியே பரவிய ஒருவகை நச்சுநிரலையும் மாணவர் பலர் அறிவர். கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறித் தோன்றும். உண்மைக் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் போலிச் சீட்டுகளை அந்நிரல் வைத்திருக்கும். பொருள் அங்கேயே ஒளிந்திருக்கும். அதை அறியாமல், 'கெட்டுவிட்டது' என்று பென்டிரைவை முழுதும் துடைத்தவர்கள், நச்சுநிரல் செய்யாத அழிவைத் தாமே செய்தார்கள்.

அச்சம் செய்த அழிவு

முதுகலைத் தமிழ் மாணவி ஒருவர், மலையடிவாரச் சிற்றூர்களில் மூதாட்டியரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுத் திரட்டி, முகப்பில் ஒரு கோப்புறையில் வைத்திருந்தார். ஒருநாள் காலை முகப்பே வெறுமையாய்த் தோன்றியது. தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பும் வந்தது. அவரது உரிய கணக்கின் கோப்புறைக்குள் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அவ்வறிவிப்பின் பொருளைச் சொல்ல வீட்டில் எவருமில்லை. பேருந்தேறி நகரத்துக் கடை ஒன்றுக்குப் பொறியைக் கொண்டுசென்றார்கள். கடைக்காரர் 'ஃபார்மட்' செய்து கொடுத்தார். டி பகுதியில் இருந்த திரைப்படங்கள் பிழைத்தன. சி பகுதியில் இருந்த பாடல்கள் அழிந்தன. முகப்பில் நாம் வைப்பவை சி பகுதியிலேயே தங்குகின்றன என்பதை அம்மாணவிக்கு எவரும் சொல்லவில்லை. பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். அப்பாடல்களை இனி யாரிடம் போய்க் கேட்பது?

அக்கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. விரைவில் முடியும் வேலையை அவர் செய்தார். 'துடைப்பதற்கு முன் படியெடுத்து வையுங்கள்' என்று ஒரு சொல் சொல்ல நமக்குத் தெரியவில்லை என்பதே குறை.

துடைத்துப் புதிதாக நிறுவிய பொறியில் இன்னொரு துயரும் காத்திருக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். எழுத்துரு நீங்கியதால் வந்த தோற்றம் அது. அதே எழுத்துருவைத் திரும்ப நிறுவினாலோ, ஒருங்குறிக்கு மாற்றும் செயலியைப் பயன்படுத்தினாலோ தமிழ் மீண்டு வரும். இங்கும் குறிதான் மறைந்தது, பொருள் மறையவில்லை. இதனையறியாமல் நீக்கப்பட்ட தமிழ்க் கட்டுரைகள் எத்தனையோ!

தமிழால் இயலாதா?

கணிப்பொறிக்குத் தமிழ் புதிதன்று. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் இத்துறையில் முன்னோடிகளாய் உழைத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவையிலேயே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி, 'தேனீ' என்னும் ஒருங்குறி எழுத்துருவைப் படைத்து, எவரும் விலையின்றிப் பயன்படுத்த வழங்கினார். 2006-இல் அவர் மறைந்தார். அவர் கொடை வாழ்கிறது. கற்றதைப் பிறர்க்கு ஈவதே கல்வியின் பயன் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இத்தனை பேர் உழைத்து எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தனர். அத்திரை பழுதானால் என்ன செய்வது என்பதைத் தமிழில் தெளிவாக எழுதி வைக்கும் பணியோ இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை. கணினித் தமிழ்த் தாளில் வரலாற்றை ஒப்பிக்கிறோம். ஆண்டுகளை மனனம் செய்கிறோம். அத்தாளில் முதல் மதிப்பெண் பெற்றவரும், சின்னம் மறைந்தால் கைபிசைந்து நிற்கிறார்.

ஆங்கிலம் கற்றால் போதுமே என்பர் சிலர். கற்கட்டும், நன்று. ஆனால் பாக்குக் கணக்கை வைத்திருக்கும் தந்தைக்கும், பிள்ளையின் பாடத்தைத் திறந்து கொடுக்கும் தாய்க்கும் ஆங்கிலம் வரும்வரை பொறி காத்திருக்காது. இனி எல்லாம் கைப்பேசிதானே, கணிப்பொறி எதற்கு என்பர் வேறு சிலர். கைப்பேசியிலும் முகப்பிலிருந்து சின்னத்தை அகற்றுவது வேறு, செயலியையே நீக்குவது வேறு. பொறி சிறுத்ததால் குறிக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு சிறுத்துவிடவில்லை.

எனவே, நம் துறை செய்யத்தக்கவை என மூன்றினை முன்வைக்கிறேன்.

ஒன்று: கணினித் தமிழ்த் தாளில் செய்முறைப் பகுதி ஒன்று வேண்டும். திரையில் தோன்றும் அறிவிப்பைப் படித்து, அதன் பொருளையும் தீர்வையும் பத்து வரியில் நல்ல தமிழில் எழுதுதல் அதன் தேர்வாக அமையட்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கும் விளங்குமாறு எழுதுதல் வேண்டும். புழக்கத்திலுள்ள சொல்லை விலக்கி, அகராதியில் உறங்கும் சொல்லைத் திணிப்பது உதவியாகாது.

இரண்டு: ஆய்வேடுகளையும் களப்பணித் தொகுப்புகளையும் ஒருங்குறியில் அமைத்து, பிடிஎஃப் படியும் சேர்த்து, மாணவரிடம் ஒன்று, துறையில் ஒன்று என இரண்டு இடங்களில் காக்க வேண்டும். முகப்பை வேலை நடக்கும் மேசையாகக் கொள்க, பெட்டகமாகக் கொள்ளற்க.

மூன்று: நூலகத்தில் பழுதேடு ஒன்று வைப்போம். எந்தப் பொறியில் என்ன நேர்ந்தது, எது செய்தபின் சரியாயிற்று என்பதை மாணவர் தம் கைப்படத் தமிழில் எழுதட்டும். ஐந்தாண்டில் அது ஒரு நூலாகும். அந்நூலை ஊர் நூலகத்திற்கும் அளிக்கலாம்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் தெருவில் எவர் வீட்டிலேனும் சின்னம் ஒன்று மறைந்தால், உங்களைத்தான் அழைப்பார்கள். சென்றவுடன் எதையும் துடைக்காதீர்கள். முதலில் பொருளைத் தேடுங்கள். கண்டவுடன் படியெடுத்து வையுங்கள். அதன்பின் குறியைச் சரிசெய்யுங்கள். என்ன செய்தீர்கள் என்பதை வீட்டாருக்கு அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவர்கள் உங்களை அழைக்கத் தேவையில்லாமல் போனால், அதுவே நீங்கள் கற்ற தமிழுக்கும் கணிப்பொறிக்கும் கிடைத்த வெற்றி.