மெடிக்கல் போச்சு! பணமும் போச்சு!

வெளிநாடு போனால் கடன் அடையும். தங்கச்சி கல்யாணம் நடக்கும். கூரை வீடு மாடி வீடாகும். இந்த நம்பிக்கையில்தான் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து வாலிபர்கள் வீட்டு நகையை அடகு வைத்து, ஏஜெண்டு கையில் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

அதன் பிறகு வருகிறது மெடிக்கல். "அன்பிட்" என்று ஒரே வார்த்தை! விமானம் ஏறும் முன்பே எல்லாம் முடிந்து விடுகிறது. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க நாயாய் அலைய வேண்டும்.

என்ன சோதனை?

சவுதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய 6 நாடுகளும் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரே மாதிரி விதி வைத்திருக்கின்றன. அந்த நாடுகள் அங்கீகரித்த மையத்தில்தான் சோதனை செய்ய வேண்டும். முன்பு இதைக் "காம்கா" என்றார்கள். இப்போது "வாபித்" என்று பெயர்.

எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள், மேகநோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பச் சோதனையும் உண்டு. எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே உண்டு.

இந்த எக்ஸ்ரேதான் நல்ல திடமான ஆளையும் கவிழ்த்து விடுகிறது. எப்போதோ டி.பி. வந்திருக்கும். மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி இருப்பார். இன்று மூட்டை தூக்குவார். ஆனால் நுரையீரலில் பழைய தழும்பு இருக்கும். தழும்பு தெரிந்தாலே வளைகுடா விதிப்படி "அன்பிட்"!

இங்கிலாந்திலும் இப்படி ஒரு விதி உண்டு. 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிற இந்தியர்கள் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் சளியைச் சோதிப்பார்கள். கிருமி இல்லை என்றால் சான்று கொடுப்பார்கள். இது நியாயம். வளைகுடா நாடுகளும் இப்படிச் செய்யும்படி மத்திய அரசு பேச வேண்டும்.

போலி வேண்டாம்!

"காசு கொடுத்தால் பிட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே போய் இறங்கியதும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள். மாட்டினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு வர வேண்டியதுதான்!

என்ன செய்யலாம்?

வளைகுடா விதியை கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து கொண்டு நாம் மாற்ற முடியாது. ஆனால் முதலில் எக்ஸ்ரே, அப்புறம் பணம் என்று நாம் மாறலாமே!

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி திறக்கப்பட்டது. எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிது அல்ல. வெளிநாடு போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக் கொள்ள அங்கே தனியாக ஒரு கவுண்ட்டர் வைக்க வேண்டும். அந்தச் சான்று விசாவுக்குச் செல்லாது. ஆனால் ஒரு குடும்பத்தின் நகை மிஞ்சும்!

கல்வராயன் மலை மக்களுக்கு இது இன்னும் அவசியம். கேரளா, கர்நாடகத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். மலையில் இருந்து ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பினால், வெள்ளிமலையில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து சோதனை மையம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். போன இடத்தில் "அன்பிட்" என்றால் பஸ் காசும் தண்டம்.

2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மலையிலேயே சளியைச் சோதிக்க வேண்டும். டி.பி. மாத்திரையை அரசு இலவசமாகத்தான் கொடுக்கிறது. நோயைச் சீக்கிரம் பிடித்தால் தழும்பும் குறையும், உயிரும் தப்பும்.

போலீசுக்கும் வேலை உண்டு. 1983-ம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டுதான் ஆள் அனுப்பலாம். அவரும் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர கூடுதலாகக் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவு இல்லாமல் டீக்கடை பெஞ்சிலும் லாட்ஜ் அறையிலும் ஆள் பிடிக்கிறவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மெடிக்கல் முடியும் முன்பு பணம் வாங்குவதைத் தடுக்க வேண்டும்.

கலெக்டர் மனது வைத்தால் கவுண்ட்டர் வந்து விடும். வைப்பாரா?