பணம் வந்துடுச்சு... பார்ட்ஸ் எங்கே? குட்டி ரயில்களுக்கு உயிர் கொடுக்கும் கைகள்!

2019, மே 18. சனிக்கிழமை காலை. இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். அன்று அங்கே மாடல் ரயில் கண்காட்சி நடக்க வேண்டும். மார்க்கெட் டீப்பிங் மாடல் ரயில்வே கிளப்காரர்கள் முதல் நாளே மேஜை போட்டு, தண்டவாளம் இணைத்து, எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரவோடு இரவாக உள்ளே புகுந்த டீன் ஏஜ் பையன்கள் எல்லாவற்றையும் மிதித்து நொறுக்கியிருந்தார்கள். பல வருட உழைப்பு தரையில் தூள் தூளாகக் கிடந்தது. கண்காட்சி ரத்து.

500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று இணையத்தில் நிதி கேட்டது கிளப். குவிந்ததோ ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்தார்.

அப்புறம் என்ன, புதுசா வாங்கிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மாடல் ரயில் கம்பெனிகள் ஒரு எஞ்சினைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரிப்பார்கள். அது விற்றுத் தீர்ந்ததும் அடுத்த மாடலுக்குப் போய்விடுவார்கள். சில வருடங்கள் கழித்து ஒரு சக்கரமோ, கியரோ கேட்டால் கிடைக்காது. கையால் செய்த ஸ்டேஷன், பாலம், சிக்னல் எல்லாம் கடைக்கே வராதவை. உடைந்தால் ஒன்று ஒட்ட வேண்டும், இல்லையென்றால் முதலில் இருந்து செய்ய வேண்டும்.

'டிக்... டிக்...' கேட்குதா?

பிரிட்டனில் அதிகம் புழங்கும் 'ஓஓ' அளவில், நிஜ ரயிலின் ஓர் அடி என்பது மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. இந்தக் குட்டி உடம்புக்குள் மோட்டார், அச்சு, கியர் எல்லாம் இருக்கும். இதில் அடிக்கடி காலை வாருவது கியர்தான்.

இரும்பு அச்சின் மேல் பிளாஸ்டிக் கியரை இறுக்கமாகச் செருகியிருப்பார்கள். பத்து, இருபது வருடம் அந்த இறுக்கத்திலேயே இருந்து ஒருநாள் கியரில் முடி அளவுக்கு விரிசல் விடும். அந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது ரயில் 'டிக்' என்று ஒரு குலுங்கு குலுங்கும். மோட்டார் போச்சு என்று நினைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுபவர்கள் நிறைய பேர். ஐந்து நிமிடம் கழற்றிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

உடனே கை ஃபெவிக்விக்கைத் தேடும். வேண்டாம். இந்த வகைக் கியர்கள் பெரும்பாலும் நைலான் அல்லது அசிட்டால் பிளாஸ்டிக். வழவழப்பான அதன் மேல் அந்தப் பசை நிற்காது. நின்றாலும் அச்சின் இறுக்கம் மறுபடி பிளந்துவிடும். மாற்றுக் கியர்தான் வழி. கம்பெனி கியர் கிடைக்காவிட்டால், அதே அளவில் வேறு எங்காவது தேட வேண்டும்.

அளவு கண்டுபிடிப்பது பத்தாம் வகுப்புக் கணக்குகூட இல்லை. பற்களை எண்ணுங்கள். அதோடு 2 கூட்டுங்கள். கியரின் வெளி விட்டத்தை அந்த எண்ணால் வகுத்தால் 'மாட்யூல்' என்ற அளவு வரும். 14 பற்கள், விட்டம் 6.5 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 6.5-ஐ 16-ஆல் வகுத்தால் 0.406. விரிசலால் கொஞ்சம் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். உண்மையில் அது 0.4 மாட்யூல். இனி 0.4 மாட்யூல், 14 பற்கள், அச்சுத் துளை இவ்வளவு என்று தேடினால் போதும். ஓடாத சிடி பிளேயர், பழைய பிரின்டர், பொம்மை கார் ஆகியவற்றில்கூட சில சமயம் தேறும். (வீட்டில் பழைய சாமானைத் தூக்கிப்போட விடாதவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது!)

மருந்தே இல்லாத நோய்

கியராவது பரவாயில்லை. பழைய ரயில் சேகரிப்பவர்களை நடுங்க வைப்பது 'ஜிங்க் பெஸ்ட்'. பூச்சி எதுவும் கிடையாது, உலோகத்துக்கு வரும் நோய். எஞ்சின் உடம்பையும் சக்கரத்தையும் துத்தநாகக் கலவையில் வார்ப்பது வழக்கம். அந்தத் துத்தநாகம் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். துளி காரீயம் கலந்தால்கூட உள்ளுக்குள்ளேயே அரிக்க ஆரம்பிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே உலோகம் வீங்கி, வளைந்து, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். 1930-களின் பொம்மை ரயில்களில் இது சகஜம். தாத்தா பத்திரமாகப் பூட்டி வைத்த பெட்டியைப் பேரன் திறந்தால் உள்ளே வெறும் துகள்தான் இருக்கும்.

இதைக் குணப்படுத்த முடியாது. பாகத்தை மாற்றத்தான் முடியும். சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி நகல் செய்யலாம். ஆனால், நோய் வந்த பாகத்தையே வைத்து அச்சு எடுத்தால் நகலும் வீங்கித்தான் பிறக்கும்! அதே எஞ்சின் வைத்திருக்கும் இன்னொருவரிடம் நல்ல பாகத்தைக் கடன் வாங்க வேண்டும். அதனால்தான் இந்த வட்டாரத்தில் ஒருவருக்கொருவர் பகைத்துக்கொள்வதே இல்லையோ என்னவோ.

போட்டோவும் ஸ்கேலும்

கடன் வாங்கவும் ஆள் இல்லை என்றால்? 'ஸ்கிராட்ச் பில்டிங்'. கடை பாகம் எதுவும் இல்லாமல், பித்தளைத் தகடு, பிளாஸ்டிக் ஷீட், கம்பியில் இருந்து செய்வது.

வரைபடம்கூட இல்லாவிட்டாலும், நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு போட்டோ போதும். எஞ்சினின் பெரிய சக்கரம் 5 அடி என்று தெரியும். போட்டோவில் அது 2 செ.மீ. புகைபோக்கி 1 செ.மீ. அப்படியென்றால் நிஜத்தில் இரண்டரை அடி. மாடலில் 10 மி.மீ. இப்படி ஒவ்வொன்றாக அளந்து முழு எஞ்சினையே வரைந்துவிடுவார்கள். ரிவெட் வேண்டுமா? மெல்லிய தகட்டின் பின்பக்கம் மொட்டை ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் வரிசையாகப் புள்ளிகள் எழும்பும். கைப்பிடிக் கம்பிக்கு கிடார் தந்தி! 0.33 மி.மீ தந்தி, நிஜ அளவில் 25 மி.மீ. கச்சிதம்.

இப்போது 3டி பிரின்டர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நிறைய வேலையைக் குறைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால், அதற்கும் யாராவது உட்கார்ந்து அளந்து வரைந்து கொடுக்க வேண்டும். தப்பாக வரைந்தால் தப்பையே அழகாக அச்சடித்துத் தரும்.

நம் ஊர் ரயில் வேண்டும் என்பவர்களுக்குச் சவால் இன்னும் அதிகம். நம் அகலப் பாதை 1,676 மி.மீ. 87-ல் ஒரு பங்கான 'ஹெச்ஓ' அளவில் அது 19 மி.மீ-க்குக் கொஞ்சம் அதிகம் வரும். கடையில் கிடைப்பது வெளிநாட்டு அகலத்துக்கான 16.5 மி.மீ தண்டவாளம். பெரும்பாலானவர்கள் உடம்பை மட்டும் இந்திய ரயிலாகச் செய்து, கீழே அந்தத் தண்டவாளத்தோடு சமாதானமாகிவிடுகிறார்கள். மாடலை விடுங்கள், நிஜ ரயிலுக்கே இந்தக் கதை உண்டு. ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் ரக எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. பிற்காலத்தில் அதே ரகத்தைத் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே புதிதாகச் செய்து ஓடவிட்டார்கள்.

மறுபடியும் ராட் ஸ்டூவர்ட்

10,000 பவுண்டு கொடுத்த பாடகருக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். அதே 2019 நவம்பரில், 'ரயில்வே மாடலர்' பத்திரிகை வழியாகத் தன் வீட்டு ரயில் நகரத்தை அவர் காட்டினார். 1940-களின் அமெரிக்க நகரம். வானுயர்ந்த கட்டடங்கள், பாலங்கள், அழுக்குப் படிந்த தெருக்கள் என 20 வருடங்களுக்கும் மேலாகச் செய்தது. இசைப் பயணம் போகும்போது ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, அதில் பெயின்ட், கத்தி, பசையோடு உட்கார்ந்து கட்டடம் செய்வாராம்.

பி.பி.சி. ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில், இதையெல்லாம் அவரேவா செய்திருப்பார் என்று தொகுப்பாளர் சந்தேகப்பட, உடனே ஸ்டேஷனுக்கு போன் போட்டுவிட்டார் ராட் ஸ்டூவர்ட். 90 சதவிகிதம் தன் கையால் செய்ததுதான் என்றார். வயரிங் மட்டும் தனக்கு வராது, அதை வேறொருவர் செய்து கொடுத்தார் என்பதையும் ஒப்புக்கொண்டார்.