விசாரிப்பவர் எல்லோரும் வேலை தருவதில்லை



சீட்டுக் கணக்குப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களோடு மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதமும் வந்திருந்தது. அவர் தையல் வேலை செய்கிறார். மகன் அவருக்கு இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்திருக்கிறான். “நிறையப் பேர் பார்க்கினம், சில பேர் விலையும் கேட்கினம், ஒருத்தரும் தைக்கத் தருகினம் இல்லை. பிழை பக்கத்திலா, என்னிலா?” என்று கேட்டிருக்கிறார். தன்னுடைய படத்தை அதில் போடலாமா என்றும் கடைசியில் ஒரு கேள்வி.

தையல் எனக்குத் தெரியாது. ஆனால் இதே தலையிடியைப் பெயின்ற் வேலையில் நான் பட்டிருக்கிறேன். ஆகவே அதைச் சொல்கிறேன். உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்பகுதியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கதை கொஞ்சம் தெரியும். நான் ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2009இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் ஹந்தானைக்கே தம்பியிடம் திரும்பி வந்தேன். தம்பி பெயின்ற் பாஸ். கை சுத்தம், வேலை சுத்தம். எழுத்தென்றால் மட்டும் அவனுக்குப் பிடிக்காது. தொலைபேசியும் கொப்பியும் என் கைக்கு வந்து சேர்ந்தன. நானும் கொந்தராத்துக்காரி ஆனேன்.

தம்பியின் மகன் ஓ.எல். முடித்துவிட்டுக் கணினி படித்தவன். அவன்தான் எங்களுக்கு இணையத்தளம் செய்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளிநாட்டு மாளிகைகளின் படங்கள், வானவில்போல நிறங்கள், நடுவில் எங்கள் தொலைபேசி இலக்கம். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அவன் மாதாமாதம் கணக்குச் சொல்வான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அழைப்புகளும் வந்தன. “சதுர அடி எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். “வந்து பாருங்களேன்” என்பார்கள். கூப்பிட்ட இடமெல்லாம் போனேன். கண்டிப் பெரியாஸ்பத்திரிப் பக்கத்துக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் மாறிக் கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, திகன என்று அலைந்தேன். ஒரு வீட்டில் அளவெடுத்து முடித்த பிறகுதான், அவர் வாடகைக்கு இருப்பவர், வீட்டுக்காரர் கொழும்பில், அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று தெரிந்தது. இன்னொரு வீட்டில் ஏற்கெனவே வேறொரு பாஸுக்கு வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவர் சொன்ன விலை சரியா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! தேநீர் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இருட்டும் நேரத்தில் ஒருவர் அழைத்தார். வீட்டின் அளவையோ சுவரையோ பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் தனியாகவா வருவேன் என்பதை மட்டும் இரண்டு தரம் கேட்டார். நான் போகவில்லை. அன்றிரவு முழுக்க யோசித்தேன். தெரியாத ஒருவருடைய வீட்டுக்குள் அளவுநாடாவோடு நுழைகிற பெண், போகுமுன் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? என் கேள்விகள் வியாபாரப் புத்தியில் பிறந்தவை அல்ல. அந்த இரவில்தான் எழுதினேன்.

கொப்பியை எடுத்து, அதுவரை உண்மையாகவே வேலையாக முடிந்த இடங்களைப் பார்த்தேன். அவர்கள் எல்லோரும் நான் கேட்காமலே சில விஷயங்களைத் தாங்களாகவே சொல்லியிருந்தார்கள். வீடு எங்கே, உள்ளேயா வெளியேயா, புதுச் சுவரா பழையதா, எப்போது முடிய வேண்டும், வீடு யாருடையது. வேலை தராதவர்கள் விலையை மட்டும் கேட்டிருந்தார்கள்.

அந்தக் கேள்விகளையே பக்கத்தில் போடு என்று மருமகனிடம் சொன்னேன். பிள்ளை உற்சாகத்தில் பதினொரு கட்டங்கள் போட்டுவிட்டான். பெயர், விலாசம், மின்னஞ்சல், அது இது என்று அடையாள அட்டை விண்ணப்பம்போல இருந்தது. ஒருவரும் நிரப்பவில்லை. எங்கள் ஊரில் மின்னஞ்சல் பார்ப்பவர் குறைவு, வட்ஸ்அப் இல்லாதவர் குறைவு. ஆகவே கட்டங்களை எடுத்துவிட்டு, வட்ஸ்அப் பொத்தான் ஒன்றை வைத்தோம். அதன் மேல் மூன்று மொழியிலும் சில வரிகள்: எந்த ஊர், உள்ளேயா வெளியேயா, சொந்த வீடா, எப்போது வேண்டும், சுவரின் படம் இரண்டு அனுப்புங்கள். சிங்களத்தில் முதலில் போட்டோம். கண்டியில் எங்களுக்கு வேலை தருபவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள்.

படம் கேட்பதுதான் பெரிய மாற்றம். எழுந்து போய்ச் சுவரைப் படம் எடுத்து அனுப்புகிறவருக்கு வேலை உண்மையாகவே தேவைப்படுகிறது. சும்மா விலை கேட்பவர் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. எங்களுக்கும் படத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். ஹந்தானை மாதிரி மூடுபனி விழும் இடத்தில் வெளிச்சுவர் பாசியும் பூஞ்சணமும் பிடித்துக் கறுத்துப் போகும். அதைச் சுரண்டிக் கழுவிக் காயவிட்டு, மருந்து பூசிய பிறகுதான் பெயின்ற். அந்த வேலைக்கு எத்தனை நாள் என்பதைப் படமே சொல்லிவிடும். மாளிகைப் படங்களையும் எடுத்துவிட்டோம். கறுத்த சுவர் ஒன்று, அதே சுவர் வேலை முடிந்த பிறகு, இரண்டையும் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு போட்டோம். அதைப் பார்த்துத்தான் “எங்கள் வீடும் இப்படித்தான்” என்று ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள்.

விலை போடுவதா என்பதில் வீட்டில் சண்டையே வந்தது. “அக்கா, வெலையச் சொன்னா ஓடிப்போயிருவாங்க” என்றான் தம்பி. ஓடுகிறவர் பஸ் காசு செலவழிக்குமுன்னே ஓடட்டும் என்றேன் நான். கடைசியில் முழு விலை போடாமல், இதற்குக் குறைந்த வேலைக்கு வருவதில்லை என்ற ஒரு தொகையையும், கூலி வேறு பெயின்ற் வேறு என்பதையும் போட்டோம்.

பெயின்ற் கணக்கை ஆட்களே போட்டுப் பார்க்க ஒரு உதாரணமும் எழுதினேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் ஒன்பதடி. நாலு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. கதவு யன்னலைக் கழித்தால் ஏறத்தாழ 350. இரண்டு பூச்சுக்கு 700. எமல்சன் ஒரு லீற்றர், நல்ல சுவரில் ஒரு பூச்சுக்கு 100 சதுர அடிக்குச் சற்று மேல் போகும். ஆக ஆறு ஏழு லீற்றர். இந்தக் கணக்கைப் படித்துவிட்டு அழைப்பவர்கள் விலையைக் கேட்டுத் திடுக்கிடுவதில்லை. வேறொருவர் மூன்று லீற்றரில் முடித்துத் தருகிறேன் என்றால், எங்கே தண்ணீர் கலக்கிறது என்பதும் அவர்களுக்கு விளங்கும்.

விலை எழுதிக் கொடுத்தால் திகதியும், அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதும் எழுத வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்தபோது பழைய விலையை வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். சொன்ன சொல்லுக்காகச் செய்து கொடுத்தோம். அந்த வேலையில் எங்களுக்கு மிஞ்சியது காலி வாளிகள்தான். இப்போது இரண்டு கிழமைக்கு மேல் விலை நிற்காது.

அடுத்தது நேரம். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் ஒரு ஆய்வு வெளியானது. இணையம் வழியாக வந்த விசாரிப்புக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் தொடர்பு கொண்ட நிறுவனங்கள், அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் பிந்தியவற்றைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக, முடிவெடுக்கக்கூடிய ஆளோடு உருப்படியாகப் பேச முடிந்ததாம். அதே கட்டுரைக்காக 2,241 நிறுவனங்களைச் சோதித்ததில் 23 வீதமானவை பதிலே அனுப்பவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனங்களே அப்படியென்றால், அடுப்படியில் நிற்கும் நாங்கள் உடனே பதில் போட்டு அவர்களை முந்தலாம் அல்லவா? 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம். நாம் பார்க்காத நேரத்தில் தானாகவே ஒரு பதில் அனுப்பும்படி அதில் வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் அடையாளமும் போடலாம். நான் நாலு அடையாளம் வைத்திருக்கிறேன்: புதிது, பார்க்கப் போக வேண்டும், விலை கொடுத்தாயிற்று, பொறுக்கச் சொன்னது.

இந்த ‘பொறுக்கச் சொன்னது’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு விசாரிப்புகள் குவிந்தன. ஊறிய சுவர், உரிந்த பெயின்ற். பண்டிகைக்கு முன் பூச வேண்டும் என்ற அவசரம். எல்லாம் சொந்த வீடு, எல்லாரும் படம் அனுப்பினார்கள், காசும் தயார். என் கேள்விகளின்படி பார்த்தால் அத்தனையும் நல்ல வேலை. ஆனால் ஈரச் சுவரில் பூசினால் சில மாதத்திலேயே கொப்புளித்து உரியும். புதிதாகப் பூசிய சீமெந்துக்கும் சாதாரணமாக நாலு கிழமையாவது காயக் கொடுக்க வேண்டும். காயட்டும், மழை விட்ட பிறகு வருகிறோம் என்று எழுதினேன்.

ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சரிவில் கட்டிய வீடு. சுவரில் சாய்வாகப் புது வெடிப்பு. “பட்டி வைத்து மூடிப் பூசினால் தெரியாதுதானே” என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். கதவு சரியாகச் சாத்துகிறதா என்று கேட்டேன். இறுகுகிறது என்றார். மழைக்குப் பிறகு சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு வருவதும், கதவு யன்னல் இறுகுவதும் மண் நகர்வதற்கான அறிகுறிகள். அந்த வெடிப்பைப் பட்டியால் மூடினால் அது பெரிதாவது கண்ணுக்குத் தெரியாது. கிராம சேவகரிடம் சொல்லித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கொண்டு பார்க்கும்வரை பூச மாட்டோம், இரவில் அங்கே படுக்கவும் வேண்டாம் என்று சொன்னேன். அவருக்குக் கோபம். “உங்களிடம் கேட்டது பெயின்றுக்கு” என்றார். ஓடிவந்த இடத்தில் கட்டிய வீட்டை விட்டுப் போ என்று யார் சொன்னாலும் கோபம் வரும். எனக்கு அது தெரியாததா? இன்றைக்கும் அவர் பெயர் என் கைத்தொலைபேசியில் அந்த அடையாளத்தோடுதான் இருக்கிறது. இடையிடையே சுகம் விசாரித்து எழுதுவேன். ஒரு வரிப் பதில் வரும்.

இன்னொரு விஷயம். விசாரித்தவர்களின் இலக்கங்கள் நம் கையில் சேர்ந்துவிடும். ஒரு கடைக்காரர் அந்தப் பட்டியலைக் கேட்டார், பதிலுக்குப் பெயின்ற் விலையைக் குறைப்பாராம். நான் கொடுக்கவில்லை. பிறருடைய தனிப்பட்ட விவரங்களைக் காப்பதற்கென்றே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பெயர்ப் பட்டியல் ஒன்று தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மன்னார்ச் சகோதரிக்கு: பக்கத்தில் பிழை இருக்கலாம், உங்களில் இல்லை. என்ன தைப்பீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள், ஆகக் குறைந்த கூலி எவ்வளவு என்பதைப் போடுங்கள். துணி வாங்கிவிட்டீர்களா, என்ன திகதிக்கு வேண்டும், அளவுச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மாதிரிப் படமும் அனுப்பச் சொல்லுங்கள். துணியை வாங்கி வைத்துக்கொண்டு திகதியும் சொல்பவருக்கு முதலில் பதில் போடுங்கள். “பிறகு சொல்கிறேன்” என்பவரோடும் முகம் முறிக்க வேண்டாம், இரண்டு கிழமை கழித்து ஒரு தரம் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் படம் பற்றி: நான் போடவில்லை. தம்பியும் பையன்மாரும் சாரத்தில் நிற்கும் படம்தான் இருக்கிறது. கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிந்தபோதும் வீட்டு விலாசத்தை மறைத்து, வேலை செய்யும் ஊர்களை மட்டும் காட்டச் சொன்னோம். அப்படிச் செய்ய அதில் வழி இருக்கிறது, உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் தைத்த சட்டையைத் தும்புத்தடியிலாவது மாட்டிப் படம் எடுத்துப் போடுங்கள். அளவெடுக்க வருகிறவர்களுக்கு விலாசத்தை அவர்களோடு பேசிய பிறகு கொடுக்கலாம்.