இலவச உழைப்பும் ஒரு தகுதியா?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் மட்டும் போதாது. எத்தனை மணி நேரம் தொண்டு செய்தாய், எந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தாய் என்றும் கேட்கிறார்கள். நீட்டை எதிர்க்கும் நமக்கு இது நல்ல மாற்றாகத் தோன்றலாம். கருணாபுரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை விடுமுறையில் கூலிக்குப் போகிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது. பாட்டியோடு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறது. இதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. சம்பளமில்லாமல் ஒரு கோடையை ஆய்வகத்தில் கழிக்க வீட்டில் வசதி வேண்டும். உள்ளே விட ஆள் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் இரண்டையும் பெரும்பாலும் சாதிதான் தருகிறது.

நீட்டால் கிராமப்புற, தமிழ்வழி மாணவர்கள் பின்தள்ளப்பட்டதை ஏ.கே.ராஜன் குழு 2021இல் எடுத்துக்காட்டியது. பயிற்சி மையக் கட்டணத்தின் இடத்தில் தொண்டுச் சான்றிதழ் வந்தால், வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே மாறுவார்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் சேர்க்கைக்குப் போதும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள்ஒதுக்கீடு அந்தத் திசையில் ஓர் அடி. தொண்டையும் ஆய்வையும் சேர்ந்த பிறகு கேளுங்கள். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி அதைக் கருணாபுரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் கொண்டுசெல்லட்டும். மெத்தனாலில் பார்வை இழந்தவரின் வீட்டில் ஆய்வு தொடங்கட்டும். அந்த வீட்டுப் பிள்ளையே ஒருநாள் அதை நடத்தட்டும்.