மூணு லார்ஜும் ஒரு குவார்ட்டரும்

"தம்பி, நான் கண்ட சரக்கெல்லாம் தொடறதில்ல. சிங்கிள் மால்ட் மட்டும்தான்."

ஸ்கூல்ல எனக்கு சீனியர் அவர். ரத்த ரிப்போர்ட்டோட வீட்டுக்கு வந்திருந்தார். ஏ.எஸ்.டி அளவு ஏ.எல்.டியைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். ஸ்கேனில் கல்லீரல் வீங்கி, கொழுப்பு படிஞ்சிருக்கு. தினமும் எவ்வளவுண்ணே? "மூணு லார்ஜ். அதுக்கு மேல போகவே மாட்டேன்."

"குறைந்த விலையில் தரமான சிங்கிள் மால்ட்" என்று டேஸ்டிங் வீடியோ போடுறவங்களுக்கும், அதைப் பார்த்து வாங்குறவங்களுக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

முதல்ல நியாயமா பேசிடுவோம். ருசி பொய்யில்லை. உறவினர் ஒருத்தர் வாங்கிட்டு வந்த கிளென்ஃபிடிக் 12 வருஷத்தை நானும் சுவைச்சிருக்கேன். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதிச் சரக்கு. மோந்தா பேரிக்காய் வாசனை, நாக்கில் லேசா தேன், கடைசியில் ஓக் மரத்தின் துவர்ப்பு. அந்த விலைக்கு நல்ல விஸ்கிதான். ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் வச்சு, செம்புப் பானையில் வடிச்சு, ஓக் பீப்பாயில் 3 வருஷமாவது ஊறினாத்தான் அதை சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்னு விக்கலாம். சட்டமே இருக்கு. ஆனா அதே சட்டம் கேரமல் நிறம் சேர்க்கவும் அனுமதிக்குது. கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி "கலரைப் பாருங்க, வயசு தெரியுது"ன்னு சொல்ற ஆளை உடனே நம்பிடாதீங்க.

என் சண்டை ருசியோட இல்லை. ருசிக்குக் கொடுத்த மார்க்கை உடம்புக்கும் சேர்த்துக் கொடுக்குறாங்களே, அதோடதான்.

"ப்யூர் சரக்கு, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். அடப்பாவிகளா! விஸ்கிக்கு மணமும் நிறமும் தர்றதே எத்தனாலைத் தவிர அதில் இருக்கும் மத்த சேர்மங்கள்தான். தூய்மைதான் அளவுகோல்னா வோட்காதான் ஜெயிக்கணும். அதுவும் கல்லீரலைக் கெடுக்கத்தான் செய்யுது.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு லார்ஜ் 60 மில்லி. மூணு லார்ஜ் 180 மில்லி. அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேர்? குவார்ட்டர்! 40 சதவீத சிங்கிள் மால்ட்டில் அந்த 180 மில்லிக்குள் சுமார் 57 கிராம் எத்தனால். டாஸ்மாக் குவார்ட்டர் 42.8 சதவீதம்னா சுமார் 61 கிராம். வித்தியாசம் வெறும் 4 கிராம். அந்த 4 கிராமை வச்சுக்கிட்டுத்தான் நம்மாளு பாரில் நிக்கிற கொத்தனாரைப் பார்த்து "குடிகாரன்" என்கிறார்.

ஸ்காட்லாந்தும் இருக்கும் பிரிட்டனில் மருத்துவ ஆலோசனை என்ன தெரியுமா? வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம். ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த எத்தனால். 700 மில்லி பாட்டில் ஒண்ணு 28 யூனிட், அதாவது ரெண்டு வாரக் கணக்கு. அண்ணன் குடிப்பது வாரத்துக்கு 50. விஸ்கியால் பேர் வாங்கின அந்த ஸ்காட்லாந்துதான் 2018ல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வச்சு, 2024ல் அதை யூனிட்டுக்கு 65 பென்ஸா ஏத்துச்சு. மலிவு சரக்கால் சாவு கூடுதுன்னு அவங்களுக்குத் தெரியும். மது புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே சொல்லிடுச்சு. அதில் மால்ட்டுக்குத் தனி விலக்கு எதுவும் கிடையாது.

இன்னொண்ணு. ஸ்காட்லாந்தில் விஸ்கியைத் தரம் பார்ப்பதையே தொழிலா வச்சிருக்கிற பிளெண்டர்கள் பெரும்பாலும் தண்ணி கலந்து, மூக்காலதான் எடை போடுறாங்க. நாள் முழுக்கக் குடிச்சுப் பார்த்தா மூக்கும் வேலை செய்யாது, ஆளும் இருக்க மாட்டான். நம்ம யூடியூப் நடுவர்கள்தான் மூணாவது கிளாஸிலும் "ஃபினிஷ்" தேடுறாங்க.

இதையெல்லாம் அண்ணன்கிட்டயும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் "இன்னைக்கே எல்லாத்தையும் கொட்டிடறேன் தம்பி" என்றார். வேண்டாம்ணே, திடீர்னு தனியா நிறுத்தாதீங்கன்னேன். தினமும் குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா முதல் ரெண்டு மூணு நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் கண்காணிப்பில், மாத்திரையோட நிறுத்தணும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதுக்குச் சிகிச்சை இலவசம். வர்ற திங்கட்கிழமை ஓ.பி.க்கு வரச் சொல்லியிருக்கேன். அண்ணியையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.